இடது கண்ணுக்கு ஒரு மறைப்பு

அந்த ஓரத்தில் உட்காராதீங்க தங்கச்சி. பெஞ்சில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. போன வருடம் இதே போட்டிக்கு வந்தபோது என் சேலையைக் கிழித்தது அதுதான். ஒரு வருடமாகியும் அதை அடித்து இறக்க இங்கே ஒருவருக்கும் கை வரவில்லை. ஆனால் பிள்ளைகள் போட்டு வருகிற கோட்டு, தொப்பி, கண்ணுக்கு முன்னால் தொங்குகிற ஒரு துண்டுத் துணி, இதையெல்லாம் அளந்து பார்க்க மட்டும் மேஜை போட்டு ஆள் உட்கார்த்தியிருக்கிறார்கள். இப்படி வாங்க. இங்கே காற்றும் வரும்.

உங்களுடையது பெண்ணா? முதல் தடவையா? பயப்படாதீங்க. காற்றுத் துப்பாக்கிதான். மிளகு அளவு ஈயக் குண்டு, பத்து மீட்டரில் ஒரு அட்டை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆவதெல்லாம் வெளியே உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான். நின்று சுட எத்தனாவது லேன்? ஆறா? என் மகளுக்குப் பதினொன்று. பலகையில் ஒட்டியிருக்கிற தாளில் பார்த்தேன். பெனிட்டா, லேன் பதினொன்று. நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் பிள்ளை சுடும்போது ஒரு கண்ணை மூடுகிறதா, இரண்டையும் திறந்து வைக்கிறதா? தெரியாதா? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்க. எனக்கு அது தெரியவந்த கதையைக் கேட்டால் சிரிப்பீங்க. நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எங்களுக்குப் புதியம்புத்தூர். அங்கே வீட்டுக்கு வீடு தையல் மெஷின்தான். என்னை ஏழாவதோடு நிறுத்தி மெஷினில் உட்காரவைத்தார்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறேன். நான் தைத்த பாவாடையைப் பிரித்துப் பாருங்க, அடியில் மூன்று விரல் துணி மடித்து விட்டிருப்பேன். பிள்ளை வளரும், துணி சுருங்கும். ஜூனில் தைத்தது மார்ச்சில் பத்த வேண்டாமா? அளந்ததற்கு மேல் கொஞ்சம் விட்டுத் தைப்பவள்தான் தையல்காரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பிறகு வரும்.

பெனிட்டா பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். அங்கே துப்பாக்கி பிடிக்கப் பழகி, குறி நன்றாக இருக்கிறது என்று தூத்துக்குடியில் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். சனி, ஞாயிறு போவாள். துப்பாக்கி கிளப்புடையது. நல்லதுதானே என்று இருந்தேன். ஒரு நாள் கீழத்தெரு ராஜகனி வாசலில் வந்து நின்றாள்.

"உன் மக என் மகனப் பாத்துக் கண்ணடிக்கா. நீ கேட்டு வையி."

"என் மகளா? உன் மகனையா?" என்றேன். "அவளுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் உள்ளே வந்து பெனிட்டாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்தினேன். இடது இமை தன்னால் துடித்துக்கொண்டிருந்தது தங்கச்சி. பேசும்போது துடிக்கிறது, சாப்பிடும்போது துடிக்கிறது. எதிரே நிற்பவனுக்குக் கண்ணடிப்பது போலத்தான் இருக்கும்.

"ஏட்டி, அந்தக் கண்ண என்ன செஞ்ச?"

"சுடும்போது மூடுதேன் யம்மா. அதை மூடுனாத்தான் குறி தெரியுது."

"எவ்வளவு நேரம் மூடுவ?"

"அறுவது குண்டு சுடணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கண் ஒருபக்கம் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவனையும் அவன் அப்பாவையும் பார்த்துக் கண்ணடித்தால் என்ன செய்வது? சனிக்கிழமை அவளோடு நானும் பஸ் ஏறினேன், அந்தப் பயிற்சியாளரை ஒரு வழி பண்ணுவதென்று.

அருளப்பன் சார் என்று பெயர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "நானும் ஆறு மாசமா அதத்தாம்மா சொல்லுதேன், மூடாதன்னு. கேக்க மாட்டேங்கா" என்றார்.

"சொன்னாப் போதுமா? கண்டிச்சிருக்க வேண்டாமா?" என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

அவர் பெனிட்டாவைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை வைக்கச் சொன்னார். அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணாலும்தான். பார்த்தாள். வலது கண்ணை மூடு என்றார். "தெரியுது சார்." அதைத் திற, இப்போது இடது கண்ணை மூடு என்றார். "கடிகாரத்தக் காணோம் சார்." அவளுக்கு இடது கண்தான் மூத்த கண்ணாம். எல்லாருக்கும் ஒன்று மூத்தது, ஒன்று இளையதாம். இவள் துப்பாக்கியை வைப்பது வலது தோளில், குறி பார்ப்பது வலது கண்ணில். இரண்டையும் திறந்தால் மூத்தது குறுக்கே வந்து நின்றுகொள்கிறது. அட்டை இரண்டாகத் தெரிகிறது, எது நிஜம், எது நிழல் என்று இவளுக்குத் தெரியவில்லை. அதனால் இறுக்கி மூடிவிடுகிறாள்.

"மூடினா என்ன சார் கெட்டுப்போச்சு?" என்று அவளே கேட்டாள்.

"ஒண்ண இறுக்குனா தொறந்திருக்க கண்ணும் சேந்து இறுகும். மொகம் இறுகுனா கழுத்து இறுகும், தோள் இறுகும், கடைசில விரல் இறுகும். உன் அட்டையப் பாரு. மொத நாப்பது பூமாதிரி இருக்கு. கடைசி இருவது எங்கெங்கேயோ மேயுது."

இதை நானே சொல்லியிருப்பேன், அந்த மனுஷன் பேச விட்டால்தானே. முப்பது வருடமாக ஊசி கோர்க்கிறேன், ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. எனக்கும் அந்தக் கடிகாரச் சோதனையைச் செய்யச் சொன்னார். எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டேன்.

வழி என்ன என்றால் சின்னது. இடது கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு தொங்க வேண்டும். கண் திறந்தே இருக்கும், வெளிச்சம் வரும், அட்டை மட்டும் தெரியாது. கறுப்பு கூடாது. கறுப்பானால் அந்தக் கண் இருட்டு என்று நினைத்து விரியும், கூடவே மற்றதும் விரியும். வெள்ளைதான் வேண்டும். "ஒரு பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டிக்கோ" என்றார். என் மகள் பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாளா, நான் உயிரோடு இருக்கும்போது? வீட்டில் சட்டைக் காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் இருந்தது. வெள்ளை, விறைப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் பால் மாதிரி தெரியும். அதை வெட்டி ஓரம் மடித்து, தொப்பிப் பட்டியில் மாட்டுகிற மாதிரி ஒரு வளையம் வைத்துத் தைத்தேன். அன்றைக்கு மெஷினில் நீல நூல் ஓடிக்கொண்டிருந்தது. யூனிபார்ம் நீலம். அதிலேயே தைத்தேன்.

தைக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னாள், "அகலம் மூணு சென்டிமீட்டர் யம்மா. அதுக்கு மேல ஒரு நூல்கூடப் போகக்கூடாதாம்."

மூன்று சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு தெரியுமா தங்கச்சி? இரண்டு விரல். அந்தக் கண்ணோ என் கண் மாதிரி, பெரிய கண். காற்றில் கொஞ்சம் ஆடினால் ஓரம் வழியாக அட்டை தெரிந்துவிடாதா? துவைத்தால் சுருங்காதா? நாலரை வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளும் அளக்கவில்லை. நான் தைத்த எதையும் அவள் ஒரு நாளும் டேப் வைத்து அளந்ததில்லை.

ஒரு மாதம் சிரமப்பட்டாள். பிறகு படிந்துவிட்டது. இமைத் துடிப்பு நின்றது. கடைசி இருபதும் முதல் நாற்பது மாதிரியே விழுந்தது. அருளப்பன் சார் அட்டையைத் தூக்கிக் காட்டி, "யம்மா, நீங்க தச்ச துணி வேல செய்யுது" என்றார். துணி வேலை செய்யாமல் என்ன செய்யும்?

போன வருடம் இதே மாநிலப் போட்டி. எட்டுப் பேருக்குள் வந்தால் கடைசிச் சுற்று. கடைசிச் சுற்றில் நிற்கிறவர்களைத்தான் மாநில அணிக்கு எடுப்பார்கள். அருளப்பன் சாருக்குக் காய்ச்சல், வரவில்லை. நானும் அவளும்தான். அந்த மேஜையில் ஒரு அம்மா. கையில் ஒரு அளவுத் தகடு. கோட்டை அளந்தாள், சரி. ஷூவை அளந்தாள், சரி. மறைப்பில் தகட்டை வைத்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது நாலரை இருக்கு. மூணுதான் அனுமதி. வெட்டிட்டு வாங்க, இல்லன்னா கழத்திருங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "எதுக்கு வெட்டணும்? துணி சுடுதா, பிள்ள சுடுதா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"எல்லாருக்கும் முகம் ஒண்ணா? எம் பிள்ள கண்ணு பெருசு. உங்க தகடு சிறுசுன்னா தகட்ட மாத்துங்க."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பெனிட்டா என் முழங்கையைப் பிடித்தாள். "யம்மா, வெட்டிரு. பத்து நிமிஷம் இருக்கு."

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசுதேன்."

அவள் என் பைக்குக் கை நீட்டினாள். நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். பேச்சு நடக்கும்போது பையைப் பிடித்து இழுத்தால் எப்படி? பெரியவரைக் கூப்பிடு என்றேன். பெரியவர் வந்தார், அவரும் மூன்று என்றார். அவருக்கு மேல் யார் என்றேன். பிறகு ஒரு காவலாளி வந்து, வெளியே வாங்கம்மா என்று இதோ இந்தப் பெஞ்சுக்கே கொண்டுவந்துவிட்டான். அப்போதுதான் ஆணியில் சேலை கிழிந்தது.

பெனிட்டா மறைப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பழையபடி ஒரு கண்ணை மூடித்தான் சுட்டிருக்கிறாள். நாற்பது குண்டு வரை நாலாவது இடம். அறுபது முடியும்போது பத்தாவது. வெளியே வந்தபோது இடது கண் சிவந்து நீராக வழிந்துகொண்டிருந்தது. கண் வலியாக இருக்கும்.

பஸ் ஏறினோம். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். விடக்கூடாது, மனு எழுதுவேன் என்றேன். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யம்மா, கத்தரி பையிலதான இருந்துச்சு?"

"ஆமா, இருந்துச்சு" என்றேன். கத்தரி இல்லாமல் நான் எங்கே போயிருக்கிறேன்? அதை எதற்குக் கேட்டாள் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

மனு மூன்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். மூன்று சென்டிமீட்டர் என்று வைத்தது யார், அவர் எத்தனை பேர் முகத்தை அளந்து பார்த்து வைத்தார் என்று கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இருந்தால்தானே எழுதுவார்கள்.

பிறகு அவள் காலேஜ் சேர்ந்தாள். பக்கத்தில் இரண்டு காலேஜ் இருக்க, ஹாஸ்டல் உள்ள காலேஜ்தான் வேண்டும் என்றாள். அங்கே சுட்டுப் பழக ரேஞ்ச் இருக்கிறதாம். சரி, படிப்புக்காகத்தானே. ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. இந்த வருடப் போட்டியைப் பற்றி நான்தான் கேட்டேன். "நீ வர வேண்டாம் யம்மா. அவ்வளவு தூரம் உக்காந்து வந்தா ஒனக்குக் காலு வீங்கும்" என்றாள். என் கால் மேல் அவளுக்கு எப்போதுமே அக்கறை.

அதற்காக வராமல் இருக்க முடியுமா? விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தேன். இதோ பாருங்க, இந்தப் பேப்பரை முழுக்கப் பிரிக்காமல் பாருங்க, கசங்கிவிடும். புதிய மறைப்பு. தைத்துக் கொண்டுவந்தேன். மூன்று சென்டிமீட்டர்தான். அந்த அம்மா சொன்னதற்காக இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் மிச்சம் அவ்வளவுதான் இருந்தது. மேஜைக்குப் போவதற்கு முன் அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று ஓடிவந்தேன். பஸ் வழியில் டயர் மாற்ற நின்றுவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் அவள் மேஜையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

தங்கச்சி, ஒரு உதவி செய்வீங்களா? உங்கள் பிள்ளையையும் பார்த்த மாதிரி இருக்கும். அந்தக் கண்ணாடிக் கதவு வரை போய்ப் பதினொன்றாம் லேனைப் பாருங்க. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் துப்பாக்கியை இறக்குவாள், அப்போது முகம் திரும்பும். இடது கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பிளாஸ்டிக்கா, ஒன்றும் இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் போகமாட்டேன். கதவில் நிற்கிற அந்தக் காவலாளி மீசையை எடுத்துவிட்டான், ஆனால் ஆள் போன வருடத்து அவன்தான். போங்க, உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீங்களா. என்ன? வெள்ளையா? துணியா, நன்றாகப் பார்த்தீங்களா? ஓரத்தில் தையல் தெரிந்ததா? நீல நூலா?

நீலமா.

அது நான் தைத்தது தங்கச்சி. ஹாஸ்டலுக்குப் போகும்போது தூக்கிப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். போட்டிருந்தாலும் எனக்கென்ன, நான் வேறு தைப்பேன். தையல் எல்லாப் பக்கமும் இருக்கிறதா? மூக்குப் பக்கம் இல்லையா? அப்படியானால் வெட்டியிருக்கிறாள். ஒன்றரை சென்டிமீட்டரை அவளே வெட்டியிருக்கிறாள். ஹாஸ்டலில் காகிதம் வெட்டுகிற கத்தரியில் வெட்டியிருப்பாள், பல் பல்லாக இருக்கும். வெட்டுவதென்றால் காதுப் பக்கம் அல்லவா வெட்ட வேண்டும்? வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்கவும் இல்லை. பிசிறு வரும். மூக்கில் உரசும். இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மெஷினில் இரண்டு நிமிட வேலை.

கண் இரண்டும் திறந்திருந்ததா? அதைச் சொல்லுங்க. துடிப்பு இல்லையே? சரி. சரி.

இல்லை, தூசி. இந்த ஃபேன் காற்றில் எல்லாத் தூசியும் வருகிறது.

மணி அடித்துவிட்டது. அறுபது முடிந்தது போலிருக்கிறது. பலகையில் பெயர் போடுவார்கள், நீங்கள் படித்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணாடி பைக்குள் எங்கேயோ கிடக்கிறது. முதலில் உங்கள் பிள்ளையைப் பாருங்க. இருபத்திரண்டா? முதல் தடவைக்கு அது நல்ல இடம்தான், வாடவேண்டாம். மேலே பாருங்க, எட்டுக்குள். ஏழாவதா? பெனிட்டாதானா? இன்னொரு தடவை படியுங்க.

அதோ வருகிறாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறாள். நான் இங்கே இருப்பது இவளுக்கு எப்படி...

பார்த்தீங்களா தங்கச்சி? பார்த்தீங்களா அவள் செய்ததை? எப்ப வந்த என்று கேட்டாளா? ஏன் வந்த என்று கேட்டாளா? முன்னால் வந்து நின்று கையை நீட்டுகிறாள். "யம்மா, கத்தரி. பிசிறு மூக்குல உரசுது. பத்து நிமிஷத்துல கடைசிச் சுத்து." நான் பையைத் திறந்தேன். மேலாகவே இருந்தது அந்தப் பேப்பர் பொட்டலம். புதுசு இருக்கு பிள்ள என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அந்தப் பிசிறைச் சரக் சரக்கென்று நறுக்கிவிட்டாள். கையில் நடுக்கமே இல்லை, கவனித்தீங்களா? கத்தரியைத் திருப்பிக் கொடுக்கும்போது கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். நான் பழக்கியது. "காலு வீங்கியிருக்கு பாரு, செருப்பக் கழத்திட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஆனால் ஒன்று தங்கச்சி. நீங்கள் கூடவே இருந்தீங்க, நாளைக்கு யாராவது கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அந்த மேஜை அம்மா கேட்டாலும் சொல்லுங்க. நான் கத்தரியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் வெட்டவில்லை. வெட்டியது அவள்.